ஏடிபி-யைக் கண்டறிந்த சுப்பாராவ்: தசையில் தொடங்கி நரம்பு வரை போன கதை

காசிமேட்டில் விடிகாலையில் மீன் கூடையைத் தூக்கும் தொழிலாளியின் தசைக்கு சக்தி கொடுப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. ஸ்கூல் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். பெயர் எல்லப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனையே மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார். மருத்துவக் கல்லூரிக்கு காந்தியின் அழைப்பை ஏற்று கதர் ஆபரேஷன் கவுனோடு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ்தான் கிடைத்தது.

1920-களில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். அந்த முறை கையில் இருந்ததால்தான் 1927-ல் பாஸ்போகிரியாட்டினும், 1929-ல் ஏடிபியும் பிடிபட்டன. அதே 1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

கதை தசையோடு முடியல. குடலைத் தளர்த்தும் சில நரம்புகள், அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் இரண்டின் வேலையைத் தடுத்த பிறகும் சிக்னல் அனுப்பின. அப்போ தூது போவது யார்? ஏடிபிதான் என்று 1972-ல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் சொன்னபோது பலர் நம்பவில்லை. சக்திக்கான சரக்கை ஒரு நரம்பு ஏன் வெளியே கொட்டணும்? நியாயமான சந்தேகம்தான், ஆனால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பிறகு அதே நரம்புகளில் இன்னொரு தூதுவனும் சிக்கியது: நைட்ரிக் ஆக்சைடு. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கக்கும் புகையில் இருக்கும் அதே வாயு. ஏடிபி நரம்பு முனையில் குட்டிப் பைகளில் காத்திருக்கும்; வாயுவை அப்படி அடைத்து வைக்க முடியாது. தேவைப்படும் நேரத்தில் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகி, செல் சவ்வைத் தாண்டிப் போய், சில நொடிகளில் மறைந்துவிடும். இவை இரண்டும் தசையைத் தளர்த்துவதால்தான் உணவு நகர குடல் வழிவிடுகிறது.

இதையெல்லாம் பார்க்க சுப்பாராவ் இல்லை. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல் 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி, யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரை, புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட் எல்லாம் அங்கே அவர் குழுவின் வேலை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அமெரிக்காவிலேயே இறந்தார். கப்பலேறிப் போனவர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.