மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்திய பேராசிரியர்: ஜெகதீஷ் சந்திர போஸ் எடுத்த முடிவுகள்

உங்களுக்கு ஒரு ஆஃபர் லெட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை, அதே பாடவேளை. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவருக்கு 300 ரூபாய் என்றால் உங்களுக்கு 200 ரூபாய்தான். நீங்கள் இந்தியர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. அதுவும் தற்காலிக நியமனம் என்பதால் அந்த 200-லும் பாதிதான் கைக்கு வரும். வீட்டில் அப்பாவுக்குக் கழுத்து வரை கடன். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்த 26 வயது இளைஞருக்கு இந்தக் கேள்விதான் வந்தது. அவர்தான் ஜெகதீஷ் சந்திர போஸ்.

அப்பா போட்ட முட்டுக்கட்டை

1858 நவம்பர் 30-ம் தேதி பிறந்தவர் போஸ். இன்றைய வங்கதேசத்தில் உள்ள விக்ரம்பூர் பகுதியைச் சேர்ந்த குடும்பம். அப்பா பகவான் சந்திர போஸ், டெபுடி மாஜிஸ்திரேட். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், இவர் மகனை முதலில் வங்காளப் பள்ளியில்தான் சேர்த்தார். விவசாயிகள், மீனவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தான் பையன்.

கல்கத்தா செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் பி.ஏ. முடித்ததும் போஸுக்கு வந்த ஆசை, அன்றைக்கு எல்லாருக்கும் வந்த ஆசைதான்: லண்டன் போய் ஐ.சி.எஸ். எழுத வேண்டும். தடுத்தது அப்பா. தானே அரசு அதிகாரியாக இருந்தும், மகன் யாரையும் ஆளக் கூடாது, படிப்பாளியாக வர வேண்டும் என்று நினைத்தார். நம்ம வீடுகளில் நடப்பதற்கு அப்படியே தலைகீழ்! பணமும் பிரச்னையாக இருந்தது. மக்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்று அப்பா தொடங்கிய முயற்சிகளும், பணம் போட்ட தேயிலைத் தோட்டமும் கடனில் முடிந்திருந்தன. படிப்புச் செலவுக்குத் தன் நகைகளை விற்கக்கூட அம்மா தயாராக இருந்தார்.

1880-ல் லண்டனில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். அது நிலைக்கவில்லை. இந்தியாவிலேயே பிடித்திருந்த காய்ச்சல் விடாமல் தொடர்ந்தது. பிணங்களை அறுத்துப் படிக்கும் அறையின் நெடி அதை மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் போய் இயற்கை அறிவியல் படித்தார். கோர்ஸ் மாற்றுவது தோல்வி என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு.

வேலை உண்டு, சம்பளம் வேண்டாம்

ஊர் திரும்பியபோது அவர் கையில் ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தது. பிரிட்டிஷ் அமைச்சராக இருந்த ஹென்றி ஃபாசெட், வைஸ்ராய் ரிப்பனுக்கு எழுதியது. இதை மறைக்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் பட்டமும் வைஸ்ராய் ஆதரவும் இல்லாத இந்தியருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. அப்போதும் கல்வித் துறையும் கல்லூரி நிர்வாகமும் அவரை விருப்பமில்லாமல்தான் எடுத்தன. இந்தியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் திறமை இல்லை என்பது அன்றைய அதிகாரிகள் பலரின் நம்பிக்கை.

போஸ் முன்னால் இருந்த வழிகளை யோசிச்சுப் பாருங்க. ராஜினாமா செய்திருந்தால், இந்தியர்களால் முடியாது என்று சொன்னவர்களுக்கு அதுவே வசதி. புலம்பிக்கொண்டே வாங்கியிருந்தால், அந்த விகிதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். போஸ் வேலையை முழுசாகச் செய்தார். மாதாமாதம் வந்த காசோலையைத் தொடவில்லை. ஒரு வகுப்பைக்கூடக் குறை சொல்ல முடியாதபடி மூன்று ஆண்டுகள் இப்படியே போனது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. பணி நிரந்தரமானது, சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டு ஐரோப்பியருக்கு இணையான முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. அந்தப் பணம் அப்பாவின் கடனுக்குப் போனது. மீதிக் கடனையும் பல ஆண்டுகளில் அடைத்து முடித்தார்.

இதற்கு இடையில்தான், 1887-ல், திருமணம். மனைவி அபலா தாஸ் நம்ம சென்னையில் படித்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காததால், 1882-ல் உதவித்தொகையோடு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. சம்பளம் வராத வீட்டை நடத்தியதில் அவருக்கும் பங்கு உண்டு. போஸின் கொள்கையைப் பாராட்டும் கட்டுரைகள் இதை ஒரு வரியோடு கடந்துவிடுகின்றன.

பேடன்ட் எடுக்கவே இல்லையா?

1894-ல் 36-வது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று முடிவெடுத்தார் போஸ். கல்லூரியில் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன இடம். கருவிகளை உள்ளூர்த் தொழிலாளியை வைத்துச் செய்துகொண்டார். 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய மின்காந்த அலைகளை உருவாக்கி ஆராய்ந்தார். அலைகள் சுவர்களைத் தாண்டிப் போய் மணி அடிப்பதையும், வெடிமருந்தைப் பற்றவைப்பதையும் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் காட்டினார்.

1901 மே மாதம் லண்டனில், தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். பேடன்ட் படிவம் தயார், லாபத்தில் பங்கு. போஸ் மறுத்துவிட்டார். அந்தப் பண ஆசை ஒருமுறை பிடித்தால் விடாது என்று பயந்ததை, நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சமிக்ஞையைப் பிடிக்க மார்கோனி பயன்படுத்திய கருவி, 1899-ல் போஸ் வெளியிட்ட பாதரசக் கருவியை ஒத்திருந்தது.

போஸ் பேடன்டே எடுக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மை. அமெரிக்கத் தோழி சாரா புல்லின் வற்புறுத்தலால் ஒரு விண்ணப்பம் போனது. 1904-ல் அமெரிக்க பேடன்ட் எண் 755,840 அவர் பெயரில் கிடைத்தது. அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை. அப்படியே காலாவதியாக விட்டுவிட்டார்.

இது சரியான முடிவா? இதே கல்லூரியில் 1889-ல் வேதியியல் துறையில் சேர்ந்த பிரபுல்ல சந்திர ராயைப் பாருங்கள். எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு மாதம் 250 ரூபாய். முறையிட்டும் பலன் இல்லை, வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கி, அதை 1901-ல் பெங்கால் கெமிக்கல் என்ற கம்பெனியாக்கினார். படித்த இளைஞர்கள் அரசு வேலைக்கே காத்திருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அறிவை வியாபாரமாக்கக் கூடாது என்று போஸ். வியாபாரம்தான் நாட்டுக்குத் தேவை என்று ராய். இருவரும் கடைசிவரை நண்பர்கள். என்னைக் கேட்டால், ராயின் வழி இன்னும் பலருக்கு வேலை கொடுத்தது.

போஸ் அடுத்து செடிகள் பக்கம் திரும்பினார். இயற்பியலில் பெயர் வாங்கிய பிறகு, தாவரங்களின் உணர்வுகளை அளக்கப் போனது பெரிய ரிஸ்க். உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். 1901-ல் ராயல் சொசைட்டி அவரது கட்டுரையை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. அவர் சொன்ன எல்லாமே பின்னாளில் நிலைத்துவிடவில்லை. ஆனாலும் 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1917 நவம்பர் 30, தன் 59-வது பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். அங்கே கண்டுபிடிப்பது எல்லாம் பொதுச் சொத்து, யாரும் பேடன்ட் எடுக்கக் கூடாது என்று திறப்பு விழா உரையிலேயே அறிவித்தார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் இறந்தார். நிறுவனம் இன்றும் கொல்கத்தாவில் இயங்குகிறது.