கைம்மாறு கருதாத காரைக்கால் அம்மையார்

பிரெஞ்சுக்காரர் காலம் முதல் நம் புதுவையோடு ஒரே ஆட்சியில் அமைந்த காரைக்கால், கடல் வாணிகத்தாற் சிறந்த பழம்பதி. அங்கு வணிகர் தலைவர் தனதத்தனாரின் திருமகளாராய்த் தோன்றியவர் புனிதவதியார். நாகையைச் சேர்ந்த பரமதத்தனை மணந்து அவ்வூரிலேயே மனையறம் பேணினார்.

ஒருநாள் கணவன் இரண்டு மாங்கனிகளை இல்லத்திற்கு அனுப்பினான். அவ்வேளையில் பசியாற் களைத்த சிவனடியார் ஒருவர் எழுந்தருளினார். அன்னம் ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. கணவனுக்கு என்ன விடை கூறுவது என்று எண்ணாமல், கனியொன்றை இட்டு அடியாரை அமுது செய்வித்தார்.

நண்பகலில் எஞ்சிய கனியை உண்ட கணவன், மற்றதையும் கேட்டான். அம்மையார் இறைவனை நினைந்து உருக, அவர் கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாயிருத்தலைக் கண்டு அவன் வினவ, நிகழ்ந்ததை மறையாது உரைத்தார். இன்னொன்று வருவிக்கச் சொன்னான். வந்த கனி அவன் கையிற் பட்டதும் மறைந்தது. அம்மையாரைத் தெய்வமெனக் கருதி அஞ்சியவன், கடல் கடந்து வாணிகம் செய்து, பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்தான்.

ஈந்தது ஒரு கனி, இழந்தது இல்வாழ்வு. ஆயினும் அம்மையார் ஈந்தமைக்கு வருந்தினாரல்லர். கணவன்பொருட்டுத் தாங்கிய தசையை உதறிப் பேய்வடிவம் பெற்று, கயிலையைத் தலையாலே நடந்து ஏறினார். இறைவன் அவரைத் தாயாகவே ஏற்று, வேண்டுவன கேட்குமாறு அருளினான். அப்போதும் அம்மையார் பிரிந்த வாழ்வையோ பொருளையோ கேட்டாரல்லர்; குன்றாத அன்பையும், பிறவி நேரினும் மாறாத நினைவையும், ஆடுந் திருவடி நிழலையுமே கேட்டார். திருவாலங்காட்டில் அப்பேறு எய்தினார். அவர் அருளிய நூல்கள் 11ஆம் திருமுறையில் விளங்குகின்றன.

இன்றும் ஆனித் திங்களில் காரைக்கால் அன்பர்கள் திருவீதியில் மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். அக்கனிகளில் எவர் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. திருப்பணிக்கு ஈந்த மெய்யன்பர்கள் இதனை நெஞ்சில் நிறுத்தி உய்வார்களாக.