டாரதி புரூக் அம்மையார்

பந்தயத் திடலில் ஒரு குதிரை முந்தும்போது ஆரவாரம் செய்வோர் ஆயிரம் பேர். அக்குதிரை ஓடி ஓய்ந்த பின் எங்குச் சென்றது, எவ்வாறு வாழ்கிறது என்று கேட்போர் ஒருவர் இருவரே. குதிரை இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் வாழக் கூடிய விலங்கு. பந்தயத்தில் ஓடும் காலமோ சில ஆண்டுகளே. எஞ்சிய நெடுங்காலத்தை அது யாருடைய கொட்டிலில், எவ்வகைத் தீவனம் உண்டு கழிப்பது? இக்கேள்வி இக்காலத்தில் பல நாடுகளில் எழுந்துள்ளது. ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பேணிப் பழக்கி, அன்புடையோரிடம் ஒப்படைக்கும் புகலிடங்களும் தோன்றியுள்ளன. ஆனால், பந்தயத் திடலினும் கொடியதாகிய போர்க்களத்தில் உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்காக, 1930-ஆம் ஆண்டிலேயே இக்கேள்வியைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரே டாரதி புரூக் அம்மையார்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டில் செல்வமிக்க குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளமை தொட்டே குதிரைகளுடன் பழகியவர். 1926-இல் அவர் ஜெப்ரி புரூக் என்னும் படைத்தலைவரை மணந்தார். புரூக், குதிரைப் படையில் உயர் பதவி வகித்தவர்; குதிரையேற்றம் பற்றி நூல்கள் எழுதியவர். 1930-இல் எகிப்து நாட்டிலிருந்த பிரிட்டிஷ் குதிரைப் படைக்கு அவர் தலைமை ஏற்றபோது அம்மையாரும் கணவருடன் கெய்ரோ நகரை அடைந்தார். படைத்தலைவரின் மனைவிக்கு அந்நகரில் விருந்துகளுக்கும் விளையாட்டுகளுக்கும் குறைவில்லை. அவற்றிலேயே அம்மையார் பொழுதைக் கழித்திருப்பின் எவரும் குறை கூறியிரார். ஆனால் அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் இருந்தது. முதல் உலகப் போரில் இந்நாட்டில் பணியாற்றிய குதிரைகள் என்னவாயின என்பதே அவ்வையம்.

அக்குதிரைகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1914-இல் போர் மூண்டவுடன் இங்கிலாந்தில் ஊர்தோறும் குதிரைகள் திரட்டப்பட்டன. உழவர்களின் ஏர்க்குதிரைகள், வணிகர்களின் வண்டிக் குதிரைகள், வேட்டைக் குதிரைகள் ஆகிய எல்லாம் படைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்தும் 1,30,000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்து சென்றன. அந்நாட்டுக் குதிரைகளுக்கு வேலர் என்பது பெயர். நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் பெயரிலிருந்து அப்பெயர் பிறந்தது. பந்தயக் குதிரைகளின் குருதி கலந்த அவ்வினம், வெப்பத்தையும் பசியையும் தாங்குவதில் நிகரற்றது. போருக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தியப் படைக்காகச் சென்னைத் துறைமுகத்திலும் கல்கத்தாத் துறைமுகத்திலும் வேலர்க் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதுண்டு.

சினாய்ப் பாலைவனத்திலும் பாலஸ்தீனத்திலும் இக்குதிரைகள் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. கொதிக்கும் மணலில், வீரனையும் துப்பாக்கியையும் உணவையும் போர்வையையும் ஒருங்கே சுமந்து அவை நடந்தன. தண்ணீரின்றி ஒன்றரை நாள், இரண்டு நாள் கழித்ததும் உண்டு. 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பீர்ஷெபா என்னும் ஊரில் துருக்கியர் படையை எதிர்த்து, மாலை வெயில் மங்கும் வேளையில் ஆஸ்திரேலியக் குதிரை வீரர் ஏறத்தாழ 800 பேர் பாய்ந்து சென்றனர். அவ்வூர்க் கிணறுகள் கைப்பற்றப்படாவிடின் மனிதருக்கும் குதிரைக்கும் அடுத்த நாள் தண்ணீர் இல்லை. விடாய் மிகுந்த குதிரைகள் அகழிகளைத் தாண்டிக் குண்டுமழையூடே ஓடின. ஊரும் கிணறுகளும் கைவந்தன.

1918-இல் போர் முடிந்தது. வீரர்கள் தாயகம் திரும்பினர்; குதிரைகள் திரும்பவில்லை. அவற்றைக் கப்பலேற்றும் செலவு பெரிது. நோய்க்கு அஞ்சி ஆஸ்திரேலிய அரசு அவற்றை நாட்டுக்குள் விடவும் இசையவில்லை. அங்கிருந்து போருக்குச் சென்ற அத்தனை குதிரைகளுள் தாய்நாடு மீண்டது ஒன்றே ஒன்று என்பர். அது சாண்டி என்னும் பெயருடையது. போரில் இறந்த ஒரு தளபதியின் குதிரையாதலால் அதற்கு அத்தனிச் சலுகை கிடைத்தது. மற்றவற்றுள் சில வேறு படைகளுக்கு மாற்றப்பட்டன. முதியவையும் நோயுற்றவையும் சுட்டுக் கொல்லப்பட்டன. எகிப்தில் ஏறத்தாழ 20,000 குதிரைகள் ஏலத்தில் விற்கப்பட்டன. வென்ற அரசுக்கு அவ்விற்பனையால் கிடைத்த தொகை, அவை செய்த பணியின் முன் எம்மாத்திரம்!

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. அம்மையார் கெய்ரோவை அடைந்தபோது, அன்று விற்கப்பட்டவற்றுள் உயிருடன் இருந்த ஒவ்வொரு குதிரைக்கும் வயது இருபதுக்குக் குறையாது. அவை எங்கே இருக்கக் கூடும் என்று அவர் தேடலானார். விலங்குகளின் துயர் களையும் சங்கம் ஒன்று அந்நகரில் இருந்தது. அங்கே ஒரு நாள் அவர் முதல் குதிரையைக் கண்டார். பழைய பில் என்பது பின்னர் அதற்கு வழங்கிய பெயர். எலும்பும் தோலுமாய், கால்கள் வளைந்து, கண்ணொளி மங்கி நின்ற அவ்வுருவத்தில் ஒரு காலத்து வலிமையின் சாயலை, குதிரைகளை அறிந்த அவர் கண் உடனே கண்டுகொண்டது. அதன் உடைமையாளரிடம் பேசி அதனை விலைக்கு வாங்கினார். முதுமையும் நோயும் முற்றிய அதனைப் பிழைப்பித்தல் எவராலும் இயலாததாய் இருந்தது. துன்பமின்றி அதன் உயிர் நீங்குமாறு செய்வித்தார். அத்துடன் அவர் மனம் அமைதி அடைந்ததா எனின், இல்லை. ஒரு குதிரை இந்நிலையில் இருப்பின், மற்றவை எந்நிலையில் இருக்கும் என்ற கவலையே மிகுந்தது.

அவர் நகரின் சந்துகளிலும் சந்தைகளிலும் கல் வெட்டும் இடங்களிலும் தேடினார். தேடுவதற்கு ஓர் அடையாளம் இருந்தது. பிரிட்டிஷ் படைக்கு உரிய குதிரையின் உடலில் அம்பு வடிவில் சூட்டுக்குறி இடுவது வழக்கம். ஆண்டுகள் பல சென்றும் அக்குறி அழியவில்லை. கல்வண்டி இழுத்து மூச்சிரைத்து நின்ற கிழக் குதிரைகளின் தோலில், சேணப் புண்களுக்கும் சவுக்குத் தழும்புகளுக்கும் நடுவே அவ்வம்புக்குறி தெரிந்தது. சில குருடாகியிருந்தன. சிலவற்றுக்கு இலாடம் தேய்ந்து குளம்பு பிளந்திருந்தது.

இவ்விடத்தில் அம்மையாரின் நேர்மையைக் குறித்தல் வேண்டும். இக்கொடுமைக்கெல்லாம் வண்டிக்காரரே காரணம் என்று சினந்து பேசுதல் எளிது. அந்நகரில் வாழ்ந்த ஐரோப்பியருள் அவ்வாறு பேசியவரும் இருந்திருக்கலாம். அம்மையார் அவ்வாறு கருதவில்லை. குதிரையின் வயிறு காய்ந்திருந்த வீட்டில் குழந்தைகளின் வயிறும் காய்ந்திருந்ததை அவர் கண்டார். ஒரு கிழக் குதிரையை நம்பி ஆறேழு பேர் கொண்ட குடும்பம் பிழைத்து வந்தது. அக்குதிரையை வாங்கிக்கொண்டு போய்விட்டால் குடும்பம் என்ன செய்யும்? ஆகவே, வேறொரு நல்ல குதிரையை வாங்கிக்கொள்ளப் போதிய பணம் உரியவனுக்குக் கிடைக்கவேண்டும் என்று அவர் கருதினார். முதற்குற்றம் குதிரைகளை விற்றுவிட்டு மறந்த தம் நாட்டினருடையதே என்னும் உறுதியும் அவருக்கு இருந்தது.

ஒருவர் கைப்பொருள் எத்தனை குதிரைகளுக்குப் போதும்? அம்மையார் இங்கிலாந்தின் மார்னிங் போஸ்ட் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அது வெளிவந்தது. அலங்காரச் சொற்கள் இன்றி, போரில் நாட்டுக்காக உழைத்த குதிரைகள் அடிமைகள் போல் கெய்ரோவில் வாடுவதை எடுத்துரைத்து, அவற்றை மீட்க உதவுமாறு அதில் வேண்டியிருந்தார். இங்கிலாந்து மக்கள் அதனைப் படித்து உருகினர். போர்க்களத்தில் தம்மைச் சுமந்த குதிரையை நினைந்த பழைய வீரர்களும், படைக்குக் கொடுத்த குதிரையை மறவாத குடும்பத்தாரும் இருந்த நாடல்லவா அது! இக்காலக் கணக்கில் 20,000 பவுனுக்கு ஒப்பான தொகை வந்து சேர்ந்தது.

கெய்ரோவில் ஒரு குழு அமைந்தது. குதிரைகளை வாங்கும் வேலை முறையாகத் தொடங்கியது. வண்டிக்காரர் தத்தம் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துவர்; கால்நடை மருத்துவர் சோதிப்பார்; அம்மையார் ஒவ்வொன்றையும் பார்த்து விலை பேசுவார். விலை பேசுதல் எளிய காரியமன்று. விலை குறைந்தால் ஏழை நலிவான். மிகுந்தால் அடுத்த குதிரைக்குப் பணம் இராது. அன்றைய பணம் தீர்ந்த பின்னும் வரிசையில் குதிரைகள் நின்றால், எதனை ஏற்பது, எதனைத் திருப்பி அனுப்புவது? துன்பம் மிகுந்ததையே முதலில் ஏற்பது அம்மையாரின் முறை. சிறிது தெம்புள்ள குதிரை மீண்டும் வண்டியில் பூட்டப்படும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்யவேண்டியிருந்தது.

வாங்கப்பட்ட குதிரைகள் கொட்டிலுக்கு வந்து சேரும் காட்சி, காண்பவர் நெஞ்சை நெகிழ்விக்கும். தரையில் நறுக்கிய வைக்கோல் தடிப்பாகப் பரப்பப்பட்டிருக்கும். தொட்டியில் பசும்புல் நிறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் கல்தரையையன்றி வேறறியாத குதிரை வாயிலில் கால் வைத்ததும் திகைத்து நிற்கும். குனிந்து மோந்து பார்க்கும். பின்னர், பழைய படைக் கொட்டிலின் நினைவு வந்தாற்போல், தயங்கித் தயங்கித் தொட்டியை நாடும். குருடானவற்றைப் பணியாளர் கைபிடித்து அழைப்பதுபோல் மெல்ல நடத்திச் செல்வர்.

ஆனால் இவ்வின்பம் நெடுநாள் நீடிப்பதன்று. பெரும்பாலான குதிரைகள் மருந்துக்கு அடங்காத நிலையில் இருந்தன. அவற்றை உயிருடன் வைத்திருப்பது வேதனையை நீட்டுவதே ஆகும். சில நாள் வயிறார உண்டு, மெத்தென்ற படுக்கையில் உறங்கி, எவராலும் அடிக்கப்படாமல் இருந்த பின், நோவின்றி அவற்றின் உயிர் போக்கப்பட்டது. தம் குதிரையை வளர்ப்பதற்காக வாங்குவோர் உலகில் பலர். அமைதியாகச் சாகவிடுவதற்காக வாங்கியவர் அரியர். கொல்வது அருளாகுமா என்னும் ஐயம் இன்றும் பலருக்கு எழலாம். உயிர்க்கொலை ஆகாது என்று கொள்வோர் அம்மையாரின் முடிவை ஏற்கத் தயங்குவர். அவர்களும், வேறு வழி என்ன இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மையாருக்கும் அது இலேசான செயலாக இருக்கவில்லை. பெயரிட்டு அழைத்துத் தடவிக்கொடுத்த குதிரைகளுக்கே அம்முடிவை அவர் வகுக்கவேண்டியிருந்தது.

மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இவ்வாறு மீட்கப்பட்டன. போர்க் குதிரைகளின் எண்ணிக்கை குறைந்து வந்தது. கடமை முடிந்ததென்று அம்மையார் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால், கெய்ரோத் தெருக்களில் அம்புக்குறி இல்லாத குதிரைகளும் கழுதைகளும் அதே சுமையை இழுத்துக்கொண்டிருந்தன. இறுதிக் காலத்தில் வாங்கி விடுதலை தருவதினும், புண் தோன்றும்போதே ஆற்றுதல் நன்று என அவர் உணர்ந்தார். 1934-இல் பழைய போர்க் குதிரை நினைவு மருத்துவமனை என்னும் பெயரால் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையை நிறுவினார். ஏழை வண்டிக்காரர் தம் விலங்குகளைக் கொண்டுவந்து கட்டணமின்றி மருத்துவம் பெறலாயினர். கழுத்துப் புண்ணுக்கு மருந்திடுவதோடு நில்லாமல், புண் உண்டாகாதபடி சேணம் பூட்டும் முறையும் சொல்லித்தரப்பட்டது.

அம்மையார் 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம் எழுபத்திரண்டாம் வயதில் கெய்ரோவிலேயே காலமானார். அந்நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மருத்துவமனை அவருக்குப் பின்னும் நடந்தது. அதனைச் சார்ந்த அமைப்பு அவர் பெயரையே தாங்கிப் பிற நாடுகளுக்கும் பரவியது. 1990-களில் இந்தியாவிலும் அது பணி தொடங்கியது. வட இந்தியச் செங்கற்சூளைகளில் பச்சைக் கல் சுமக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அவ்வமைப்பினர் மருத்துவம் செய்ததோடு, அவற்றை மேய்க்கும் ஏழை மக்களைக் குழுக்களாகச் சேர்த்து, குளம்பைத் துப்புரவாக வைக்கவும், சுமைக்கு அடியில் மெத்தை இடவும், வெயில் வேளையில் தண்ணீர் காட்டவும் பழக்கினர்.