மட்காத தாள் பயிரை ஏன் மஞ்சளாக்குகிறது? ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் காட்டிய வழி

சுசீந்திரம் சுற்றுவட்டார வயல்களில் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு போகம் நெல்: கன்னிப்பூ, கும்பப்பூ. அறுவடையாகும் மலையாள மாதத்தின் பெயரே போகத்துக்கும் பெயர். கன்னிப்பூ அறுத்த கையோடு கும்பப்பூவுக்கு உழவு தொடங்கணும். இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்த அவசரத்தில் அறுத்த தாளை அப்படியே மடக்கி உழுது நட்டால், இளம்பயிர் மஞ்சளடிக்கலாம். தாளும் மண்ணுக்கு உரம்தானே, அப்புறம் ஏன் இப்படி?

இதற்கு விடையும் தீர்வும் தந்தவர்களில் முக்கியமானவர், இந்தியாவில் கால் நூற்றாண்டு வேலை பார்த்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு.

யார் இவர்?

1873-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்து, மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆய்வாளர் வேலை. தனக்கென்று ஒரு வயல்கூட இல்லாமல் விவசாயிகளுக்குப் புத்தி சொல்வது அவரை உறுத்தியது.

1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அதே ஆண்டு அவர் மணந்த கேப்ரியலும் தாவர விஞ்ஞானிதான். இருவரும் சேர்ந்து புதிய கோதுமை ரகங்களை உருவாக்கினார்கள். மருந்து எதுவும் தெளிக்காத பக்கத்து விவசாயிகளின் பயிர் நன்றாக இருப்பதைப் பார்த்த ஹோவர்டு, அவர்களையே தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார்.

இந்தூரில் என்ன நடந்தது?

1924-ல் இந்தூரில் புதிய ஆய்வு நிலையம் தொடங்கினார். அங்கே அவர் கையிலெடுத்த முக்கியமான வேலை, பருத்திமார் போன்ற பயிர்க்கழிவை உரமாக்குவது.

தாளிலும் மாரிலும் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள், தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்ச நாளைக்குப் பயிரும் நுண்ணுயிரும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. அந்தப் போட்டியை வயலுக்கு வெளியிலேயே முடித்துவிடுவதுதான் இந்தூர் முறை.

ஆழமில்லாத குழியில் பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் என அடுக்கணும். ஈரம் காயவிடாமல், காற்றுப் புக மூன்று முறை புரட்டணும். சுமார் 90 நாளில் பொலபொலவென்று எரு தயார்.

எல்லாம் சரியா?

கேப்ரியல் 1930-ல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்டு ஊர் திரும்பினார். அந்த 1931-லேயே யஷ்வந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியுடன் எழுதிய நூலில் இந்தூர் முறை வெளியானது. ஹோவர்டின் பெயர் நிலைத்த அளவுக்கு மற்ற இருவர் பெயரும் நிலைக்கவில்லை.

1947-ல் இறக்கும்வரை ரசாயன உரத்தைக் கடுமையாக எதிர்த்தார். வளமான மண் இருந்தால் நோயே நெருங்காது என்ற அளவுக்குப் போனார். அதையெல்லாம் அறிவியல் முழுசாக ஏற்கவில்லை. மட்கிய எருவை அடியுரமாகவும், யூரியாவைத் தூர்கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்தும் இடுவதுதான் இன்றைய பொதுவான பரிந்துரை.

ஆனால் எரு விஷயத்தில் அவர் போட்ட நாள்கணக்கு மாறவில்லை. கன்னிப்பூ வைக்கோலைக் குவித்தால், அது மட்குவதற்குள் கும்பப்பூ நடவு முடிந்துவிடும். மாசியில் அறுத்த கும்பப்பூ வைக்கோலைப் பங்குனியில் குழியில் போட்டால், அடுத்த கும்பப்பூ உழவுக்கு முன்பே எரு கையில் இருக்கும்.