எழுத்தைக் கொடுத்தால் சொல் தந்தவர்

நீளமான ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுத்து, அதன் எழுத்துக்களுக்குள் எத்தனை வார்த்தை ஒளிஞ்சிருக்குன்னு தேடும் விளையாட்டைக் கடைசி பெஞ்சில் ஆடாதவர் நம்மில் யார்? ஏறக்குறைய இதே வேலைக்குத் தமிழில் புத்தகம் செய்தவர் வீரமாமுனிவர்.

1680-ல் இத்தாலியில் பிறந்தவர். பெயர் பெஸ்கி. பாதிரியாராக இங்கு வந்து, முப்பது வயதுக்குப் பிறகுதான் தமிழ் படித்தார். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரிலும் ஊழியம் செய்திருக்கிறார்.

அந்தக் காலத்து நிகண்டுகள் பெரும்பாலும் பாட்டாக இருந்தன. மனப்பாடம் செய்தவனுக்கே சொல் கிடைக்கும். வீட்டில் படித்தவர் யாருமில்லாத என்னைப் போன்றவன் கதி? 1732-ல் அவர் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நாலு பகுதி. சொற்களை அகர வரிசையில் தேடலாம். நாலாவதுதான் நம்ம விளையாட்டு! கட்டம், சட்டம், பட்டம், வட்டம் என்பது மாதிரி, எதுகைக்கு உதவும் சொற்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். கவிதை எழுதும் நண்பர்கள் கவனிக்க!

எழுத்தே குழம்பினால் எப்படித் தேடுவது? ஓலையில் எ-யும் ஏ-யும் தடுமாற வைத்தன. ஏ-க்குக் கால் இழுத்தார், ஓ-வுக்குச் சுழி போட்டார்.

1747-ல் காலமானார். சதுரகராதி அச்சில் வந்தது 1824-ல். அதுவரை ஏட்டில் எழுதி எழுதித்தான் கை மாறியது.