வாய்மொழியை அச்சேற்றிய இசபெலோ

பிலிப்பின்ஸின் லூசோன் தீவில், வடமேற்குக் கடலோரத்தைத் தாயகமாகக் கொண்டவர்கள் இலோகானோக்கள். அங்குள்ள வீகன் நகரில் 1864-இல் பிறந்தவர் இசபெலோ டி லோஸ் ரெயெஸ். தாய் லியோனா புளோரெண்டினோ கவிஞர். 35 வயதிலேயே மறைந்துவிட்டார்.

ஸ்பெயின் ஆண்ட காலம் அது. கற்றோர் ஸ்பானிய எழுத்தையே பெருமையாகக் கருதியபோது, இசபெலோ பாமரரின் கதைகளையும் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் தொகுத்தார். 1889-இல் 'எல் இலோகானோ' இதழைத் தொடங்கினார். பிறந்தவுடன் பேசி, தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டு, தந்தைக்காகப் பழிவாங்கப் புறப்பட்ட லாம்-ஆங்கின் காப்பியம் அச்சேறியது அவரால்தான். தாயின் கவிதைகளையும் தமது நாட்டாரியல் நூலில் சேர்த்தார். இல்லையேல் அவை அழிந்திருக்கக்கூடும்.

அனைத்தையும் இலோகானோ கண்கொண்டே பார்க்கிறார் என்று ஹொசே ரிசால் குறைகூறினார். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், எளியோரின் சொல்லுக்கு மதிப்பளித்த அதே மனம்தான் பின்னாளில் அவர்களின் உழைப்புக்காகவும் வாதாடியது.

புரட்சிக் காலத்தில், 1897-இல் கைதானார். சிறையிலிருந்தபோதே மனைவி இறந்தார். பிறகு பார்சிலோனாவின் மொன்ஜூயிக் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கே அரசு மறுப்புக் கொள்கையினருடன் பழகினார். சோஷலிச நூல்களுடன் 1901-இல் மணிலா திரும்பியவர், மறு ஆண்டே நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பை நிறுவினார். ரோமிலிருந்து பிரிந்த பிலிப்பின்ஸ் சுதந்திரத் திருச்சபையையும் அதே ஆண்டு அறிவித்தார். அதன் தலைவரான கிரெகோரியோ அக்லிபாயும் இலோகானோவே. வேலைநிறுத்தத்துக்காக, புதிய ஆட்சியாளரான அமெரிக்கரும் அவரைச் சிறையிலிட்டனர். 1922-இல் இலோகோஸ் மக்கள் அவரை செனட் சபைக்கு அனுப்பினர். 1938-இல் காலமானார்.