பந்தும் பட்டமும்

காற்பந்து விளையாடினால் படிப்பு கெடும் என்று எண்ணுவோர் பலர். ஆனால், மருத்துவ மாணவராக இருந்தபோதே தம் நாட்டின் காற்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் மருத்துவர் தலிமெரன் ஆவ்.

இந்தியாவின் வடகிழக்கிலுள்ள நாகா மலைப்பகுதியில், சாங்கி என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அக்காலத்தில் செமோர் வட்டாரத் தோட்டச் சிறுவர்களைப் போலவே, அவரும் வெறுங்காலுடன்தான் பந்து விளையாடிப் பழகினார். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டியதே அவருக்குப் பந்து. அவருடைய தந்தை ஒரு கிறித்துவப் போதகர். மகன் மருத்துவராகி மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1935இல் தந்தை டைபாய்டு காய்ச்சலால் இறந்தார். அன்றுமுதல் அந்த விருப்பத்தை நிறைவேற்றுவது மகனின் கடமையாயிற்று.

1942இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். தற்காப்பு ஆட்டத்தில் வல்லவரான அவர், பின்னர் அக்கழக அணியின் தலைவராகவும் உயர்ந்தார். ஒருபுறம் பாடமும் தேர்வும். மறுபுறம் பயிற்சியும் போட்டியும். இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை.

1948இல் லண்டன் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. விடுதலை பெற்ற இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அது. தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தவரும், காற்பந்து அணியை வழிநடத்தியவரும் தலிமெரன் ஆவ்தான். இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றி ஆடினர். இரண்டு பினால்டி வாய்ப்புகளைத் தவறவிட்ட இந்தியா, பிரான்சிடம் 2–1 எனத் தோற்றது. எனினும், அவர்களின் ஆட்டம் பலரது பாராட்டைப் பெற்றது.

நாடு திரும்பியவர் மீண்டும் பாடநூல்களைக் கையிலெடுத்தார். கல்லூரியில் சேர்ந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் அவருக்குப் புகழ் இருந்தது. ஆயினும், தம் மக்களுக்குப் பணியாற்றவே அவர் மலைநாட்டுக்குத் திரும்பினார். நாகாலாந்து 1963இல் தனி மாநிலமான பின், அதன் சுகாதாரத் துறை இயக்குநராகப் பொறுப்பேற்று, 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் அவர் மறைந்தார்.

ஒரு வீரரால் திடலில் சில ஆண்டுகளே ஆட முடியும். அதன்பின் தலிமெரன் ஆவுக்குத் துணைநின்றது அவர் விடாமல் பெற்ற கல்வியே. அக்கல்வியால் அவர் பிறந்த மண்ணும் பயன்பெற்றது.